கூட்டத்தை எண்ணலாம்; ஆளைப் பின்தொடரலாமா?

நிதி நிறுவனங்கள் நெருக்கியடிக்கும் லண்டனின் 'சிட்டி' பகுதியில், 2012 ஒலிம்பிக் போட்டிகளுக்கு முன்பு விளம்பரத் திரையுடன் கூடிய குப்பைத்தொட்டிகளை வைத்தது ரெனியூ என்ற நிறுவனம். மறு ஆண்டு அவற்றில் 12 தொட்டிகளுக்குள் வைஃபை கருவிகள் புகுந்தன. நடைபாதையில் போவோர் வருவோரின் செல்பேசிகளை அவை குறித்துக்கொண்டன. அந்த ஜூனில் ஒரே வாரத்தில் 40 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் சேர்ந்தன. யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. ஆகஸ்டில் செய்தி வெளியானதும் நகர நிர்வாகம் தலையிட்டு நிறுத்தச் சொன்னது.

செல்பேசி என்ன சொல்கிறது?

வைஃபை இயக்கத்தில் இருந்தால், திரை அணைந்து சட்டைப்பையில் கிடக்கும்போதும் செல்பேசி சும்மா இருப்பதில்லை. தெரிந்த இணைப்பு ஏதும் அருகில் உண்டா என்று அவ்வப்போது ஒரு சிறு சமிக்ஞையை அனுப்பித் தேடும். அதில் 'மேக் முகவரி' இருக்கும். வண்டியின் சேஸிஸ் எண்ணைப்போல, தயாரிக்கும்போதே கொடுக்கப்படும் 12 இலக்க அடையாளம் அது. முதல் 6 இலக்கங்களே தயாரிப்பாளர் யார் என்று காட்டிவிடும். பழைய செல்பேசிகள் பலவும் முன்பு இணைந்த வைஃபைகளின் பெயர்களையும் சேர்த்தே அறிவித்தன: வீடு, அலுவலகம், தங்கிய விடுதி.

சமிக்ஞையின் வலுவை வைத்துத் தூரத்தைக் கணிக்கலாம். அடுத்தடுத்த கருவிகளில் அதே முகவரி பதிவானால் போன பாதையும் நின்ற நேரமும் தெரியும். மறுநாளும் அதே ஆள் வந்தாரா என்பதும் தெரியும்.

பயன் இல்லாமல் இல்லை

லண்டன் போக்குவரத்துக் கழகம் 2016 நவம்பர், டிசம்பரில் நான்கு வாரங்கள் 54 சுரங்க ரயில் நிலையங்களில் இந்த முறையைச் சோதித்தது. சுமார் 56 லட்சம் சாதனங்களிலிருந்து 50 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் கிடைத்தன. ஒருவர் எங்கே நுழைந்தார், எங்கே வெளியேறினார் என்பதுடன் பயண அட்டையின் சாட்சி முடிந்துவிடும். கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூ செல்லப் பயணிகள் 18 விதமான வழிகளைப் பிடிக்கிறார்கள் என்பதை வைஃபைதான் காட்டியது. நெரிசலைக் குறைக்க இது உண்மையிலேயே உதவும். நிலையங்களில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். வைஃபையை அணைத்து விலகிக்கொள்ளவும் வழி இருந்தது. முகவரிகளைக் குறியீடுகளாகவும் மாற்றினார்கள்.

குறியீடு காக்குமா?

மேக் முகவரிகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. எனவே, குறியீட்டு முறை பலவீனமாக இருந்தால் எல்லா முகவரிகளையும் கணினியில் ஓட்டிப் பார்த்து அசலைக் கண்டுபிடித்துவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், மாறாத குறியீடு. பெயர் தெரியாவிட்டாலும் பாதையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 15 லட்சம் பேரின் 15 மாதச் செல்பேசித் தடங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் போதும், 95 சதவீதத்தினரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்றது. பாரிஸ் அருகே லா தெஃபான்ஸ் வளாகத்தில் விளம்பர நிறுவனமொன்று இப்படி ஆட்களை எண்ணக் கேட்ட அனுமதியை, உண்மையான பெயரின்மை இதில் இல்லை என்று பிரான்ஸின் தனியுரிமை ஆணையம் 2015இல் மறுத்தது. அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2017இல் அதை உறுதிசெய்தது.

செல்பேசிகளும் தற்காப்பில் இறங்கிவிட்டன. ஐஃபோன்கள் 2014 முதலே தேடலின்போது போலி முகவரியைக் காட்டத் தொடங்கின. இணையும்போதும் போலி முகவரி என்பதை ஆண்ட்ராய்டு 10 வழக்கமாக்கியது. ஆனால் ஒரே வைஃபையில் தினமும் இணைபவருக்கு அந்தப் போலி முகவரி பெரும்பாலும் மாறுவதில்லை. அங்கே அதுவே அவரது அடையாளம்.

ஆக, பாதுகாப்பை நம் செல்பேசியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. நெரிசலை அறிய ஒருவரின் குறியீடு ஒரு பயணத்துக்கு மேல் தேவைப்படாது. அசல் முகவரியைச் சேமிக்கவே கூடாது, குறியீட்டைத் தினமும் மாற்ற வேண்டும், எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் ஏற்காத எவருக்கும் பொது இடத்தில் இத்தகைய வைஃபை கருவியைப் பொருத்த அனுமதி தரக் கூடாது.