வளரும் பிள்ளைகளும் இரத்த சோகையும்

மண்டகப்பட்டு, செஞ்சிப் பக்கம் மல்லாட்டைக்குப் பஞ்சமில்லை. முருங்கை இல்லாத கொல்லையும் குறைவு. அப்படியிருந்தும் நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் பலர் சோர்ந்துதான் இருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்த சோகை.

இது அவளோடு முடிவதில்லை. சத்துக் குறைந்த உடம்போடு தாயாகும் பெண்ணுக்கு, பிள்ளை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறக்க வாய்ப்பு அதிகம். அப்படிப் பிறக்கும் பெண் குழந்தை ஒடுங்கி வளர்ந்து தாயாகும்போது, அதே குறை அவள் பிள்ளைக்கும் போகிறது. கர்ப்பமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் முழுதும் ஈடுகட்ட முடியாது.

அதற்காகத்தான் அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட பின் போட வேண்டும். மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். நோன்பு மாதத்தில், நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். குடற்புழு மாத்திரையையும் விடாதீர்கள்.

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது நம்மிடம் உள்ள பழக்கம். கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ குறைத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அது சேர உதவும்.

ஈரல், கறி வாங்கும் அன்று நல்ல துண்டுகள் யார் தட்டுக்குப் போகின்றன என்று பாருங்கள். பையன்களையும் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். நாளைக்குக் கறி வாங்கி வரப்போகிறவர்கள் அவர்கள்தானே!