கொக்குப் படத்தை நம்பலாமா? பழைய சைக்கிளின் பூர்வீகம் அறிவது எப்படி?

பழைய சைக்கிளை எடைக்குப் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! அதைத் தலைகீழாகத் திருப்பி, அடிவயிற்றைப் பாருங்கள்.

பெடல் சுழலும் பெட்டியின் அடியில் சில எண்கள் இருக்கும். அங்கே இல்லை என்றால், சீட்டுக்குக் கீழே, குழாயின் மேல் முனையில் இருக்கும். பல ஆண்டு அழுக்கு அப்பி இருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். பிறகு ஒரு காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே எழும்பி வரும்.

அந்த எண்தான் சைக்கிளின் ஜாதகம்!

வெள்ளத்தில் நின்ற சைக்கிள்

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது.

அப்படித் தண்ணீரில் நின்ற சைக்கிள் வெளியே துடைத்தால் பளபளக்கும். ஆனால் பிரேமின் குழாய்க்குள் புகுந்த தண்ணீர் எங்கே போகும்? சீட்டை உருவிவிட்டுக் கவிழ்த்துப் பிடித்தால்தான் வடியும். வடிக்காமல் விட்டால் உள்ளுக்குள்ளேயே துரு தின்னும்.

துருவைக் கண்டதும் பழைய இரும்புக்கடை ஞாபகம் வருவது இயற்கை. ஆனால் மேல்துரு வேறு, உள்ளே அரித்த துரு வேறு. மேல்துருப் பிடித்த நல்ல பிரேமைக் கிலோக் கணக்கில் போடுகிறவர் தாத்தா சொத்தைத் தவிட்டு விலைக்கு விற்கிறார். அரித்துப்போன பிரேமுக்குப் பெயிண்ட் அடித்து ஏறி உட்காருகிறவர் நடுரோட்டில் விழுகிறார்.

பேர் ஒன்று, ஊர் இரண்டு

ஒரு காலத்தில் சைக்கிள் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்துச் சைக்கிள் 'ராலே'. கம்பெனியை வளர்த்தவர் பிராங்க் பவுடன். அவர் குடும்பச் சின்னமான நாரையின் தலைதான் ராலேயின் முத்திரை. கூந்தன்குளத்தில் வந்து இறங்கும் நாரைகளைப் பார்த்துப் பழகிய நெல்லைக்காரருக்கு இது நெருக்கமான பறவைதான்! 'பி.எஸ்.ஏ.' பர்மிங்ஹாம் நகரில் துப்பாக்கி செய்த கம்பெனி. அதனால்தான் அதன் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கின்றன. 'ஹெர்குலிஸ்' சைக்கிளும் அதே ஊரில் 1910-ல் பிறந்தது.

1949-ல் சென்னையில் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கின. அதன்பின் ஹெர்குலிஸ் அம்பத்தூரிலேயே தயாராயிற்று. ராலேயும் வங்காளத்தில் அசன்சோல் பக்கம் 'சென் ராலே' என்ற பெயரில் தயாரானது.

ஆகவே, பேர் ஒன்றாக இருந்தாலும் ஊர் இரண்டு! அம்பத்தூர் என்றால் மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பால் கேனும் பாய்க்கட்டும் சுமந்து ஊர் ஊராக ஓடியவை அந்தச் சைக்கிள்கள். ஆனால் அம்பத்தூர்ச் சைக்கிளைச் சீமைச் சைக்கிள் விலைக்கு வாங்கினால் அது நஷ்டம்தானே?

ஏமாற்று எங்கே நடக்கிறது?

நெற்றி முத்திரையில்தான். அது இரண்டு சின்ன ஆணியில் நிற்கும் தகடு. ஒரு சைக்கிளில் கழற்றி இன்னொன்றில் அடிக்க ஐந்து நிமிடம் போதும். பெயிண்டர் மனம் வைத்தால் எந்தப் பேரையும் தங்க நிறத்தில் எழுதித் தருவார்.

இரும்பை அப்படி மாற்ற முடியாது. நாட்டிங்ஹாம் ராலேயின் முன் போர்க்கைப் பாருங்கள். தலைப்பகுதியில் இரு பக்கமும் குமிழ் போன்ற உருண்டை மூடிகள் இருக்கும். மற்றதில் அந்த இடம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும்.

இன்னும் உறுதியான சாட்சி, பெடல் பெட்டியில் உள்ள புரி. நாட்டிங்ஹாம் ராலேயில் ஓர் அங்குலத்துக்கு 26 புரி. மற்ற சீமைச் சைக்கிள்களில் வழக்கமாக 24. கடையில் கிடைக்கும் சாதாரணக் கப் பழைய ராலேயில் ஏறாது. பலவந்தமாக முறுக்கினால் புரி நாசமாகிவிடும். பல நல்ல பிரேம்கள் இப்படித்தான் வீணாயின.

செயின் சக்கரத்தையும் பார்க்கலாம். நாரைத் தலையையோ பி.எஸ்.ஏ. எழுத்துக்களையோ இரும்பிலேயே வெட்டி இருப்பார்கள். மூன்று கியர் வைத்த 'ஸ்டர்மி ஆர்ச்சர்' பின் சக்கரம் இருந்தால் யோகம்! அதன் நடு உருளையில் ஆண்டே பொறித்திருக்கும். 52 என்றால் 1952. ஆனால் சக்கரம் வேறு சைக்கிளிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

முன்னாளில் நகராட்சிகள் சைக்கிளுக்கும் வரி வாங்கின. வரி கட்டினால் ஒரு வில்லை கொடுப்பார்கள். அந்த வில்லை இன்னும் சைக்கிளில் ஒட்டிக்கொண்டு இருந்தால் கழற்றி எறியாதீர்கள். அது ஊரையும் காலத்தையும் சொல்லும்.

பந்தயச் சைக்கிள் போல எடை குறைவாக இருந்தால் சீட் கம்பியை அளந்து பார்க்கலாம். 27.2 மில்லிமீட்டர் இருந்தால் பிரேம் மெல்லிய, உயர்ந்த ரகக் குழாயாக இருக்கக்கூடும். 1935-ல் இங்கிலாந்தின் ரேனால்ட்ஸ் கம்பெனி மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்து செய்த '531' என்ற எஃகுக் குழாய் அந்த ரகத்தில் பேர்போனது.

நூல் சொல்லும் உண்மை

வாங்கும் முன் ஒரு நூலை எடுத்துப் போங்கள். பின் சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு பக்கம் கட்டி, முன்னால் ஹேண்டில்பார் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் பிரேம் நேர். ஒரு பக்கம் கூடினால் கோட்டம்!

அடுத்து, முன் குழாயை ஒட்டி மற்றக் குழாய்களின் அடிப்பக்கத்தை விரலால் தடவ வேண்டும். பெயிண்ட் சுருக்கம் விழுந்திருந்தால் அந்தச் சைக்கிள் எங்கோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. மயிரிழைக் கீறல் தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் அப்படியே ஏறி ஓட்டக்கூடாது.

கீறினால் தீர்ந்ததா? இல்லை. பழைய பிரேமின் குழாய்கள் கூடும் இடத்தில் பித்தளையை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகும். எஃகு உருக 1,500 டிகிரிக்குப் பக்கம் வேண்டும். ஆகவே கைதேர்ந்தவர் பித்தளையை மட்டும் இளக்கி, கெட்ட குழாயை உருவிவிட்டுப் புதுக் குழாய் போடலாம். அலுமினியப் பிரேமில் இந்த வேலை நடக்காது. மெல்லிய குழாயில் கரண்ட் வெல்டிங் வைத்தால் ஓட்டைதான் விழும்.

ஓவராயில்

சீட் கம்பி துருவில் பிடித்துக்கொண்டால் சுத்தியலைத் தூக்காதீர்கள். எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்து, சீட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருக வேண்டும்.

காட்டர் பின்னைக் கழற்றும்போது கிராங்குக்குக் கீழே ஒரு கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகளுக்குப் போகும். இடது பெடலும், பெடல் பெட்டியின் வலது கப்பும் தலைகீழ்ப் புரி. சாதாரண நட்டுப் போல நினைத்து மல்லுக்கட்டி, கையைக் காயப்படுத்திக்கொண்டவர்கள் உண்டு!

குண்டுகளைப் புதிதாகப் போடுவதே நல்லது. பெடல் பெட்டியில் பக்கத்துக்கு 11, பின் சக்கரத்தில் பக்கத்துக்கு 9. இரண்டும் கால் அங்குலக் குண்டு. முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 10, சின்னக் குண்டு.

குழாய் நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிரேமைச் சுற்றிச் சுற்றித் திருப்பினால், எண்ணெய் படலமாக உறைந்து துருவைத் தடுக்கும்.

பெயிண்ட்? பழைய கறுப்பும் தங்கக் கோடும் பாதியாவது இருந்தால் அதைத் தொடாமல் துடைத்து வைப்பதே அழகு. அடித்தே ஆகவேண்டும் என்றால் எண் பொறித்த இடத்தை மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். கெட்டியான பூச்சு எண்ணை மூடிவிடும். எண் தெரியாத சைக்கிள் திருட்டுப் போனால் "இது என்னுடையது" என்று எதைக் காட்டிக் கேட்பது? வாங்கும்போதும் விற்றவரிடம் அந்த எண்ணை எழுதி ரசீது பெறுவது நல்லது.

டயருக்குக் கவலை இல்லை. 28-க்கு ஒன்றரை டயர் இன்றும் கிடைக்கிறது. காற்று அடித்து, பாளையங்கோட்டையிலிருந்து சுலோசன முதலியார் பாலம் தாண்டி டவுன் வரை ஒரு நடை போய் வரலாம். வந்ததும் காட்டர் பின் நட்டை மறுபடி ஒரு திருகு முறுக்க வேண்டும். புதிதாக அடித்த பின், முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும்.