கல்லீரலில் சேரும் செம்பு

ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்றால் நாம் கேட்கும் முதல் கேள்வி, “குடிப்பாரா?” என்பதுதான். ஆனால் மதுவைத் தொட்டே பார்க்காத பத்து, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் கல்லீரல் சுருங்கிப் போவதுண்டு. அதற்கான காரணங்களில் ஒன்று செம்பு.

செம்பு நம் உடலுக்கு வேண்டிய சத்துதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.9 மில்லிகிராம் போதும். மிஞ்சும் செம்பைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து மலத்தோடு வெளியேற்றிவிடும். இதற்கு உதவும் ஏடிபி7பி என்ற மரபணு பழுதானால் செம்பு கல்லீரலிலேயே தேங்கி, அதன் செல்களை அழிக்கிறது. பின்னர் இரத்தத்தில் கலந்து மூளைக்கும் கண்ணுக்கும் செல்கிறது. இதுவே வில்சன் நோய். 1912இல் இதை விவரித்த மருத்துவர் கின்னியர் வில்சனின் பெயரால் அழைக்கப்படுகிறது. உலக அளவில் சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு இது வருவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம், ஓயாத களைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், கையெழுத்து கோணலாகும். நன்றாகப் படித்த பிள்ளை திடீரெனப் பின்தங்குவதும், காரணமின்றிக் கோபப்படுவதும் உண்டு. சோம்பல், திமிர், காற்று கருப்பு என்று நாம் நாள் கடத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது.

கண்ணின் கருவிழி விளிம்பில் தெரியும் பழுப்பு வளையம் ஒரு முக்கிய அடையாளம். ஆனால் கல்லீரல் மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அது தெரியாது. ஆகவே இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவையும், 24 மணி நேரச் சிறுநீரில் உள்ள செம்பையும் மருத்துவர்கள் சோதிக்கின்றனர்.

பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் உண்டாகும். பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு நோய் இருந்தால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களையும் சோதிப்பது அவசியம்.

பித்தளைப் பாத்திரத்துக்கும் இதற்கும் தொடர்புண்டா? வில்சன் நோய்க்குக் காரணம் மரபணுவே. ஆனால் இந்தியாவில் ஒருகாலத்தில் பச்சிளம் குழந்தைகளைப் பலிகொண்ட மற்றொரு கல்லீரல் நோயை, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சிய பாலோடு 1980களின் ஆய்வுகள் தொடர்புபடுத்தின. எவர்சில்வர் புழக்கத்துக்கு வந்தபின் அந்நோய் வெகுவாகக் குறைந்தது. பால், தயிர், புளி, எலுமிச்சை ஆகியவற்றைச் செம்புப் பாத்திரத்தில் வைக்க வேண்டாம். வில்சன் நோயாளிகளுக்குச் செம்புக் குவளைத் தண்ணீரும் ஆகாது. ஈரல், சிப்பி, முந்திரி, சாக்லேட், காளான் போன்றவற்றையும் அவர்கள் தவிர்க்க வேண்டும்.

பெனிசிலமைன் போன்ற மருந்துகள் செம்பைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். துத்தநாக மருந்து அது குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். தக்க நேரத்தில் தொடங்கினால் இயல்பு வாழ்க்கை வாழலாம். கல்லீரல் முற்றிலும் செயலிழந்தால் மாற்று அறுவைச் சிகிச்சைதான் வழி. உடம்பு தேறிவிட்டது என்று மருந்தை நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும். மருந்து வாழ்நாள் முழுவதும் தேவை.

காரணம் தெரியாத காமாலை உங்கள் பிள்ளைக்கு வந்தால், “செம்பைச் சோதித்தீர்களா, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள் நேயர்களே.