வாணவேடிக்கைக்கு ஒரு ஜன்னல்... தலைக்கு 89 டாலர்!

வாணவேடிக்கை நடத்துகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. சர்க்கஸ் என்றால் கூடாரம் போடலாம். சினிமா என்றால் கதவைச் சாத்தலாம். ஆகாசத்தில் வெடிக்கிற பூவுக்கு எப்படி டிக்கெட் போடுவது? கோயில் திருவிழாவில் வாணம் விட்டால், நன்கொடை கொடுத்தவரும் பார்க்கிறார். கலெக்‌ஷனுக்கு ஆள் வந்தபோது உள்ளே ஒளிந்துகொண்டவரும் மொட்டைமாடியில் ஜம்மென்று துண்டு விரித்துப் பார்க்கிறார்!

இந்தத் தலைவலிக்கு சாமர்த்தியமாக மாத்திரை கண்டுபிடித்தவர்கள் டிஸ்னி கம்பெனிக்காரர்கள். வாணம் தெரிகிற தூரத்தில் ஓர் ஓட்டல் கட்டி, அதன் உச்சியில் ரெஸ்டாரன்ட் வைத்து, சாப்பாட்டோடு சேர்த்து ஜன்னலையும் விற்கிறார்கள்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கம் இருக்கிறது ‘வால்ட் டிஸ்னி வேர்ல்ட்’. அதற்குள் ‘கன்டெம்பரரி ரிஸார்ட்’. அதன் 15-வது மாடியில் ‘கலிஃபோர்னியா கிரில்’. 2023 ஜூனில் ஒரு ராத்திரி அங்கே சாப்பிட்டேன். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுமுன், அந்த ஜன்னல் எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். அது அசல் வியாபாரக் கதை.

ராத்திரி வரை நிறுத்தி வை!

1955 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அனஹைமில் வால்ட் டிஸ்னி தன் முதல் ‘டிஸ்னிலேண்ட்’டைத் திறந்தார். கூட்டம் அலைமோதியது. ஆனால் பொழுது சாய்ந்ததும் ஜனங்கள் பெட்டி படுக்கையைக் கட்டிவிடுவார்கள். ராத்திரி சாப்பாடு வெளியே! கல்லாவில் ஈ.

இருட்டிய பிறகும் இவர்களை உள்ளேயே நிறுத்தி வைக்க என்ன செய்யலாம்? 1956-ல் ஆரம்பமானது வாணவேடிக்கை. ஆக, வாணம் பார்க்க வந்த இடத்தில் சாப்பாடு போடவில்லை ஸார்... சாப்பிட உட்கார வைப்பதற்காகவே வாணம் விட்டார்கள்!

1961-ல் அதற்கு ஒரு தேவதையும் சேர்ந்தாள். ‘டிங்கர் பெல்’ வேஷத்தில் மேட்டர்ஹார்ன் என்கிற செயற்கை மலையின் உச்சியிலிருந்து கம்பியில் தொங்கியபடி இருட்டில் பறந்து வருவாள். அந்த வேஷம் கட்டிய டைனி க்ளைன் ஹங்கேரியில் பிறந்தவர், பழைய சர்க்கஸ் கலைஞர். அப்போது அவருக்கு வயது 70! நம் வீட்டில் எழுபது வயதுப் பாட்டி ஸ்டூல் மேல் ஏறி பரணில் கை வைத்தாலே நாலு பேர் அலறுவோம்.

வால்ட் டிஸ்னிக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. பார்க்கைச் சுற்றி யார் யாரோ லாட்ஜ் கட்டிக் காசு பார்த்தார்கள். அதனால் ஃப்ளோரிடாவுக்குப் போனபோது உஷாரானார். வெவ்வேறு டம்மி கம்பெனிப் பெயர்களில் ரகசியமாக 27 ஆயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டார்கள். 1965-ல் விஷயம் வெளியே கசிந்ததும் மிச்ச நிலத்தின் விலை எகிறியது. அடுத்த வருஷமே வால்ட் இறந்துபோனார். 1971 அக்டோபர் 1-ம் தேதி ‘மேஜிக் கிங்டம்’ பார்க் திறந்தபோது, கூடவே கன்டெம்பரரி ஓட்டலும் திறந்தது. கேட்டுக்கு உள்ளேயும் அவர்கள் கல்லா, வெளியேயும் அவர்கள் கல்லா!

ஓட்டலுக்குள் ரயில்

அந்தக் கட்டடமே ஒரு வேடிக்கை. ஆங்கில ‘ஏ’ எழுத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும். எலும்புக்கூட்டை முதலில் நிறுத்திவிட்டு, அறைகளை வேறு இடத்தில் முழுசாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கிச் செருகினார்கள். நடுவயிற்றில் மோனோரயில் புகுந்து போகிறது. உள்ளே 90 அடி உயரத்துக்கு மேரி ப்ளேர் என்கிற ஓவியர் வடிவமைத்த ஓடு பதித்த சுவர்ச் சித்திரம். அதில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால். கண்டுபிடிப்பது குழந்தைகளின் பொழுதுபோக்கு.

சரித்திரப் பிரியர்களுக்கு ஒரு கொசுறு: வாட்டர்கேட் ஊழல் புகைந்துகொண்டிருந்த 1973 நவம்பரில், அதிபர் நிக்ஸன் “நான் மோசடிக்காரன் அல்ல” என்று பத்திரிகை ஆசிரியர்கள் முன்னால் முழங்கியது இந்த ஓட்டலில்தான். மிக்கி மவுஸ் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் சிரிக்கவில்லை. மறு வருஷம் ராஜினாமா.

15-வது மாடியில் முதலில் ‘டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ என்று பாட்டுக் கச்சேரியோடு சாப்பாடு போடும் இடம் இருந்தது. 1995-ல் அதை எடுத்துவிட்டு கலிஃபோர்னியா கிரில் வந்தது. 2013-ல் புதுப்பித்தார்கள்.

மூன்றரை மணி டீ

இனி நம் கதை. என் அக்கா, அத்தான், எட்டு வயது மருமகள் மூவரும் டாம்பாவில் இருக்கிறார்கள். அங்கிருந்து டிஸ்னி ஒன்றரை மணி நேர டிரைவ்.

“நாலஞ்சு தடவை போயிருக்கோம்டா. ஆனா வாணத்தை நான் முழுசாப் பாத்ததே இல்ல” என்று அக்கா ஒருமுறை போனில் சொன்னாள். “பாதியில இவ தூங்கிடுவா. இல்லேன்னா கூட்டம் கிளம்பறதுக்கு முன்னாடி தள்ளுவண்டியைத் தள்ளிக்கிட்டு பார்க்கிங்குக்கு ஓடணும். சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால கேக்கும்.”

அக்கா பற்றி ஒரு வரி. அப்பா ரிட்டையரானபோது நான் ப்ளஸ் டூ. நாலு வருஷம் என் காலேஜ் ஃபீஸ் முழுக்க அவள் முதல் வேலையின் சம்பளத்தில் போனது. இதுவரை ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டாதவள். அதனால், இந்த ராத்திரி என் செலவு என்று முடிவு செய்தேன்.

60 நாள் முன்னால் ரிஸர்வேஷன் திறக்கும். அமெரிக்காவில் காலை 6 மணி. கோடையில் நம் கணக்குக்கு மத்தியானம் மூன்றரை. அதாவது ஆபீஸில் டீ வருகிற நேரம். எக்ஸெல் ஷீட்டின் பின்னால் டிஸ்னி பக்கத்தை ஒளித்துவைத்து, ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் மானேஜரின் கண்ணாடிக் கதவில்... தட்கால் டிக்கெட் எடுத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? நாலு பேருக்கு எட்டு மணி டேபிள் கிடைத்தது!

பாவாடை, வேட்டி பற்றியெல்லாம் விதி ஒன்றும் கண்ணில் படவில்லை. நீச்சல் டிரஸ், கிழிந்த துணி கூடாது, கௌரவமாக வரவேண்டும். இரண்டாவது மாடியில் பெயர் சொன்னால், தனி லிஃப்ட்டில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

கொழுக்கட்டை மாதிரி இருக்கு!

2021-லிருந்து இங்கே கட்டு சாப்பாட்டு முறை. தொடக்கத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று, இனிப்பு ஒன்று. நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு 89 டாலர், குழந்தைக்கு 39. பத்து வயதானால் டிஸ்னியில் பெரிய மனுஷர் ஆகிவிடுவார்கள். எங்கள் குட்டிக்கு எட்டு. தப்பித்தேன்!

சமையலறைக்குச் சுவர் கிடையாது. அடுப்பு, கத்தி, நெருப்பு எல்லாம் நம் கண் முன்னால். இதற்காக அவர்களை ஆஹா ஓஹோ என்கிறார்கள். நம்மூர் பரோட்டா மாஸ்டர் வாசலில் நின்று மாவு வீசுவதை யாரும் எழுதவில்லை, பாவம்.

அக்கா சைவம். அவளுக்கு வந்தது ராவியோலி. குட்டித் தலையணை மாதிரி மாவுப் பொட்டலம். உள்ளே ஆட்டுப்பால் சீஸ். சுற்றிலும் தக்காளிச் சாறு. ஒரு வாய் வைத்தவள், “கொழுக்கட்டைக்குப் பூரணம் மாத்தி வெச்ச மாதிரி இருக்குடா. ஆனா நல்லாருக்கு” என்றாள். அத்தான் மாமிசத்தில் மும்முரம். குடிக்க என்ன வேண்டும் என்று நீளமான ஒயின் பட்டியல் வந்தது. “பச்சைத் தண்ணி” என்று அக்கா தமிழிலேயே சொல்லிவிட்டாள். அதுவும் வந்தது!

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. உட்காரும்போதே அக்கா ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, இந்தப் பக்கம் வா.”

“இருக்கட்டும்டா. குழந்தை பாக்கட்டும். நீயும் தூரத்துலேர்ந்து வந்திருக்கே.”

“மாப்ளே, விடுங்க. வீட்டுலயும் கடைசி தோசைதான் அவளுக்கு” என்றார் அத்தான்.

விடவில்லை. நாற்காலியோடு இழுத்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். பக்கத்து டேபிள் வெள்ளைக்காரத் தம்பதி எங்களைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்கள்.

முதலில் பூ, அப்புறம் டமால்!

சூரியன் ஏரியில் இறங்கியது. ஒன்பது மணி சுமாருக்கு விளக்குகள் மங்கின. ஸ்பீக்கரில் ஷோவின் சங்கீதம் தொடங்கியது. வெளியே திறந்த மாடம் இருக்கிறது. பாதி ரெஸ்டாரன்ட் அங்கே ஓடியது. நாங்களும்.

எதிரே 189 அடி உயர சிண்ட்ரெல்லா கோட்டை. பக்கத்தில் வெள்ளைக் குடை மாதிரி ‘ஸ்பேஸ் மௌன்டன்’. திடீரென்று ஆகாசம் முழுக்கச் சிவப்பு... பச்சை... தங்கம்! ஷோவின் பெயர் ‘ஹேப்பிலி எவர் ஆஃப்டர்’. 2017-ல் ஆரம்பித்து, 2021-ல் நிறுத்தி, ரசிகர்கள் கேட்டுக் கேட்டு 2023 ஏப்ரலில் திரும்ப வந்தது. சுமார் 18 நிமிஷம்.

“மாமா, ஏன் முதல்ல பூ வருது, அப்புறமா டமால் கேக்குது?”

நல்ல கேள்வி. வாணம் விடும் இடம் இங்கிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வெளிச்சம் உடனே வந்துவிடும். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நடக்கும். ஆகவே மூன்று விநாடி லேட். ஸ்பீக்கர் பாட்டு பூவோடு வரும். டமால் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம் என்று உப்பு கலக்கிறார்கள். நல்ல நீலம் வரவழைப்பதுதான் கஷ்டமாம். சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் வெளுத்துவிடும். சிவகாசிச் சரக்கா என்று கேட்காதீர்கள். அமெரிக்க வாணவேடிக்கைகளின் சரக்கில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த ஷோவில் கோட்டைச் சுவரிலும், எதிரே உள்ள மெயின் ஸ்ட்ரீட் கட்டடங்களிலும் ஒளிப்படங்கள் ஓடி ஒரு கதை சொல்கின்றன. மாடியிலிருந்து கோட்டையைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். படங்கள் சரியாகத் தெரியாது. கீழே கால் கடுக்க நிற்கிறவருக்குக் கதை. மேலே காற்று வாங்குகிறவருக்கு வானம். 89 டாலரிலும் எல்லாம் கிடைத்துவிடாது!

அக்கா பேசவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசி வெடியின் புகை கலையும் வரை நின்றாள். அவள் தோளில் கைப்பை இல்லை, கையில் குழந்தையின் ஸ்வெட்டர் இல்லை. இரண்டையும் நான் வைத்திருந்தேன்.

உள்ளே திரும்பியதும் எங்கள் வெயிட்டரிடம், “தினம் இதைப் பார்க்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“பார்ப்பதா? காதால் கேட்பேன். எல்லாரும் வெளியே ஓடும் அந்த 18 நிமிஷத்தில்தான் என்னால் தட்டுகளை எடுக்க முடியும்” என்று சிரித்தார். எந்த வானத்துக்கும் கீழே தட்டு எடுக்க ஓர் ஆள் வேண்டும்.

பில் வந்ததும் அக்கா கை நீண்டது. ஆனால் ஷோ தொடங்குமுன்பே என் கார்டை வெயிட்டரிடம் கொடுத்து வைத்திருந்தேன். வரி, டிப்ஸ் சேர்த்து 387 டாலர். நம் ரூபாயில் முப்பத்தோராயிரத்துச் சொச்சம்.

“அநியாயம்டா” என்றாள் அக்கா. அப்புறம், “அந்தக் கடைசி தங்கக் கலர்... மழை மாதிரி கொட்டிச்சே... பாத்தியா?” என்றாள்.

போகிறவர்களுக்கு...

• 60-வது நாள், மூன்றரை மணி டீயைத் தியாகம் செய்யுங்கள். (அங்கே குளிர்காலமென்றால் நாலரை.)

• சாயங்காலமே சாப்பிட்டவர்களும் பில்லைக் காட்டி, வாண நேரத்துக்குத் திரும்ப மாடிக்கு வரலாம். பில்லைக் கசக்கி எறியாதீர்கள்.

• மேஜிக் கிங்டத்திலிருந்து ஓட்டலுக்கு நடந்தே வந்துவிடலாம். பத்து நிமிஷம்.

• டிப்ஸுக்கு 18 முதல் 20 சதவிகிதம் ஒதுக்குங்கள். சில்லறை தேடுவது அங்கே செல்லாது.

• பட்ஜெட் இடித்தால் கவலை வேண்டாம். ஏரிக்கு இந்தப் பக்கம் படகுத்துறையில் நின்றாலும் அதே வாணம் தெரியும். 27 ஆயிரம் ஏக்கர் வாங்கியவர்களாலும் ஆகாசத்துக்குக் காம்பவுண்டு கட்ட முடியவில்லை!

• மாடியோ, கரையோ... வீட்டில் எப்போதும் முதுகு காட்டி உட்காருகிறவர் யார் என்று பார்த்து, முதலில் அவர் நாற்காலியைத் திருப்புங்கள்.