உங்களுக்குத் தெரியுமா? வேளிமலை அடிவாரத்தில் ஒரு தலைநகர்

ஆப்பிரிக்காவின் எஸ்வாட்டினி நாட்டுக்கு மலைகளுக்கு நடுவே இம்பாபானே என்றொரு குட்டித் தலைநகர் உண்டு. மலையோரத் தலைநகர் பார்க்க, குமரிக் கடற்கரையிலுள்ள இனயத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கருங்கல் வழியாகத் தக்கலைக்கு பஸ் ஏறினால் போதும். பக்கத்திலேயே பத்மநாபபுரம். 1795 வரை திருவிதாங்கூரை ஆண்டது இங்கிருந்துதான்.

ஊரின் பழைய பெயர் கல்குளம். இன்று அது தாலுகாவின் பெயர்.

இங்குள்ள கொட்டாரத்துக்கு, அதாவது அரண்மனைக்கு, 1601 வாக்கில் அடித்தளமிட்டவர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள். இப்போது நாம் பார்ப்பதில் பெரும்பகுதி மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்து வேலை.

தரையைக் குனிந்து பாருங்கள், கறுப்பாக மின்னும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெழுகியது என்கிறார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வதால் அதன் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் தொண்ணூறு விதப் பூக்கள். எண்ணத் தொடங்கினால் கழுத்து வலிக்கும். ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் மாடியிலும் கீழுமாக இரண்டாயிரம் பேர் பந்தியில் உட்காரலாம். ஊறுகாய் போட்ட சீனப் பரணிகளைப் பார்த்தால் அது மிகையில்லை என்று தோன்றும்.

மலையடியில் இருந்த இந்தத் தலைநகரைக் காப்பாற்றியது நம் கடற்கரைதான். 1741இல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. துறைக்காரர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, துப்பாக்கிப் படைபோல மிரட்டியதாக ஒரு கதையும் உண்டு. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூரின் படைத்தலைவரே ஆனார். அவர் கல்லறை பக்கத்து உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அவரிடம் கிறிஸ்தவத்தை அறிந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைதான், 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம்.

‘சந்திரமுகி’க்கு மூலமான ‘மணிச்சித்ரதாழ்’ படத்தின் சில காட்சிகள் எடுக்கப்பட்டதும் இந்தக் கொட்டாரத்தில்தான்.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்குப் பவனி போகிறார்கள். கூடவே மன்னரின் உடைவாளும் போகிறது. எல்லை தாண்டிப் போகும் சாமிகளுக்கு இரு மாநிலக் காவல்துறையும் மரியாதை செய்யும்.

1956இல் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது; கொட்டாரம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. திங்கட்கிழமை திறக்கமாட்டார்கள். மற்ற நாட்களில் போவதென்றாலும் மலையாளக் காலண்டரை ஒருமுறை புரட்டிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு லீவு என்றால் கதவும் பூட்டியிருக்கலாம்.