அஞ்சறைப் பெட்டியின் எல்லை



விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்களுக்குப் பேர்போன ஊர். கோடைக்காலத்தில் வெயில் ஏறுமுன்பே தொழிலாளர் பாத்திகளில் இறங்கிவிடுவர். முன்னிரவில் மது அருந்திய ஒருவன், வேலைக்குச் செல்லவேண்டிய காலையில் தலைவலியோடும் குமட்டலோடும் எழுகிறான் எனக் கொள்வோம். வீட்டார் என்ன செய்வர்? அஞ்சறைப் பெட்டியைத் திறப்பர். சுக்கும் மல்லியும் தட்டிக் கொதிக்க வைப்பர். அல்லது மோரில் உப்பிட்டுக் கொடுப்பர். இக்கைவைத்தியம் எவ்வளவு தூரம் பயன்படும், எங்கே நின்றுவிடும் என்பதே இன்று நாம் ஆராயப்போவது.

மதுவிலுள்ள எத்தனாலைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. இதற்கிடையில் எத்தனால் சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரை வற்றச் செய்கிறது, இரைப்பையை உறுத்துகிறது, உறக்கத்தைக் குலைக்கிறது. இவை யாவும் சேர்ந்த விளைவே மறுநாள் துன்பம்.

இத்துன்பத்திற்கு இஞ்சியும் சுக்கும் ஓரளவு உதவும். குமட்டலைத் தணிக்கும் இயல்பு இஞ்சிக்கு உண்டு. சீரகமும் மல்லியும் வெந்நீருக்கு மணமூட்டிப் பருகச் செய்கின்றன. நீர்மோரும் இளநீரும் இழந்த நீரையும் உப்புகளையும் மீட்டுத் தருகின்றன. உண்மையில் இவற்றால் வரும் நலத்தில் பெரும்பங்கு நீருக்கே உரியது. கல்லீரலின் வேலையை விரைவுபடுத்தும் மூலிகை எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. சப்பாத்திக்கள்ளி உள்ளிட்ட பல பொருள்களைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்து ஆய்ந்த கட்டுரையொன்று 2005ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. மறுநாள் துன்பத்தைத் தடுக்கவோ தீர்க்கவோ வல்லது எது என்பதற்கு உறுதியான சான்றில்லை என்பதே அதன் முடிவு.

இதுவரை சொன்னது எத்தனாலைப் பற்றியது. இனிச் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் அருந்தியோர் பலர் மாண்டனர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இக்கொடுமை நிகழ்ந்தது. இரண்டிடத்தும் இறந்தோர் 20 பேருக்கு மேல். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரிழந்தனர். இவ்வுயிர்களைக் குடித்தது மெத்தனால் என்னும் ஆலைப் பொருள்.

மெத்தனால் மணத்தில் எத்தனாலைப் போன்றதே. ஆனால் உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறுகிறது. எறும்புக் கடியின் எரிச்சலுக்குக் காரணமான அதே அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது, குருதியைப் புளிப்பேற்றுகிறது. இம்மாற்றம் மெல்ல நடப்பதால் 12 முதல் 24 மணி நேரம் வரையில் பெருந்துன்பம் தோன்றாமலிருக்கலாம். பின்னர்த் தலைவலியும் வாந்தியும் வரும்போது, 'நேற்றுக் குடித்ததன் மயக்கம்' என்றெண்ணிக் கஷாயம் கொடுத்துப் படுக்கவைப்பது இயல்பு. அங்கேதான் உயிர் தப்பும் நேரம் வீணாகிறது. சுக்கு பார்மிக் அமிலத்தை முறிக்காது, மோரும் முறிக்காது.

அப்படியாயின் வேறுபாட்டை எவ்வாறு அறிவது? கண் மங்குதல், பனி மூடியதுபோல் தோன்றுதல், கடும் வயிற்றுவலி, மூச்சிரைப்பு, நினைவு தடுமாறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கஷாயம் காய்ச்ச நிற்காதீர்கள், 108க்குத் தெரிவியுங்கள். அருந்தியது கள்ளச்சாராயம் என்று தெரிந்தால் அடையாளம் தோன்றும் வரையிலும் காத்திருக்க வேண்டா. அவருடன் அருந்தியோரையும் அழைத்துச் செல்லுங்கள். உணர்வு மங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவமனையில் நச்சு மாற்றத்தைத் தடுக்கும் மருந்தும், குருதியின் புளிப்பை நீக்கும் சோடியம் பைகார்பனேட்டும், குருதியைத் தூய்மை செய்யும் டயாலிசிஸ் முறையும் உள்ளன. காலத்தோடு சென்றவர் கண்ணும் உயிரும் பிழைக்க வழியுண்டு.

வழக்கு வருமென்றும் மானம் போகுமென்றும் அஞ்சி மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்நேரத்தில் அவ்வீட்டில் விவரம் அறிந்தவர், பள்ளியில் வேதியியல் பயிலும் உங்களில் ஒருவராகவே இருக்கக்கூடும். அப்பொழுது தயங்காமல் உண்மையை மருத்துவரிடம் சொல்லுங்கள். குடிக்காமல் இருப்பதே முதல் மருந்து என்பதை உங்கள் ஆசிரியர்கள் பலமுறை சொல்லியிருப்பர், நானும் சொல்கிறேன். ஆயினும் குடித்துவிட்டவரும் காப்பாற்றப்பட வேண்டியவரே. அஞ்சறைப் பெட்டி நல்ல துணை. அதன் எல்லையை அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.