இதழின் கோணமும் விமானத்தின் குணமும்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1953-ஆம் ஆண்டு பால் போபெரெஸ்னி என்பவர், விமானத்தைத் தம் கையாலேயே கட்டிப் பறக்க வேண்டும் என்று ஆசைகொண்ட சிலரைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். அந்த ஆசை பிற்காலத்தில் எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கு, ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1971-இல் பறக்கவிட்ட ஆர்.வி.-3 என்னும் ஒற்றை ஆசன விமானத்தின் வமிசத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை வீட்டுக் கொட்டகைகளில் உருவாகி ஆகாயம் ஏறியிருப்பதே சாட்சி. இத்தகைய விமானத்தைச் சில காலம் ஓட்டிப் பழகியவர்களில் பலருக்கு, மூக்கிலே சுழலும் புரொப்பெல்லரை மாற்றினால் என்ன என்ற எண்ணம் எழுவது சகஜம்.

புரொப்பெல்லர் என்பது முறுக்கிவிடப்பட்ட ஓர் இறக்கையே என்ற உண்மையை ரைட் சகோதரர்கள் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். 1903-இல் அவர்கள் மரத்தைச் செதுக்கிச் செய்த விசிறிகள், தமக்குக் கிடைத்த சக்தியில் முக்கால் பங்கை உந்துவிசையாக மாற்றின. இறக்கைக்குப் போலவே இதழுக்கும் காற்று எந்தக் கோணத்தில் வந்து மோதுகிறது என்பதுதான் பிரதானம். விமானம் ஓடுபாதையில் நிற்கையில் அதிகமாயிருக்கும் அக்கோணம், வேகம் கூடக் கூடக் குறைந்துகொண்டே வருகிறது. ஆகையால், பிட்ச் எனப்படும் இதழின் சாய்வை ஒரே நிலையில் நிறுத்திச் செய்த விசிறி ஏதேனும் ஒரு வேகத்துக்கே முற்றும் பொருந்தும். சாய்வு குறைந்தது விரைவாய் மேலேற்றிவிட்டு, நெடும் பிரயாணத்தில் எஞ்சினை வரம்பு மீறிச் சுழலவைக்கும். சாய்வு மிகுந்தது பிரயாணத்தில் வேகம் தந்து, புறப்படும்போது எஞ்சினைத் திணறவைக்கும். மலைச்சாலையிலும் சமவெளியிலும் ஒரே கியரில் ஓடவேண்டிய மோட்டார் வண்டியின் நிலைமைதான் அது.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக வந்ததே சுழற்சி மாறாத புரொப்பெல்லர். விமானி ஒரு சுழற்சி வேகத்தைக் குறித்துவிட்டால், கவர்னர் என்னும் கருவி எஞ்சின் எண்ணெயை அழுத்தத்துடன் கிராங்க் ஷாஃப்டின் உட்குழல் வழியே விசிறியின் குடத்துக்குள் செலுத்தி, இதழ்களைத் தக்கபடி சாய்த்து, அந்த வேகத்தை நிலைநிறுத்துகிறது. லைகமிங் ஓ-360 போன்ற எஞ்சின் தன் 180 குதிரைச் சக்தியை முழுமையாக அளிப்பது நிமிஷத்துக்கு 2700 சுழற்சியில். அதனைப் புறப்படும்போதே எட்டிவிட முடிவதால் ஓடுபாதையில் தேவைப்படும் தூரம் சுருங்குகிறது, ஏறும் வேகம் கூடுகிறது.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை பணம் மட்டுமன்று. மர விசிறி 10 கிலோவுக்கும் குறைவாயிருக்க, இவ்வகை உலோகப் புரொப்பெல்லரோ சுமார் 25 கிலோ இருக்கும். அந்தப் பாரம் மூக்கின் நுனியில் அமர்வதால் விமானத்தின் ஈர்ப்பு மையமே முன்னோக்கி நகர்ந்துவிடுகிறது. ஆகவே விமானத்தை மறுபடியும் எடைபோட்டுக் கணக்கிடாமல் பறப்பது அபாயம். கிராங்க் ஷாஃப்டில் எண்ணெய் செல்ல வழியில்லாத எஞ்சினுக்கு இது பொருந்தவே பொருந்தாது. அதிர்வை மரம் தன்னுள் வாங்கித் தணித்துவிடும். உலோகம் அப்படிச் செய்வதில்லையாதலால், ஓ-360 எஞ்சினோடு இணையும் சில ஹார்ட்செல் விசிறிகளை 2000 முதல் 2250 சுழற்சி வரையில் தொடர்ந்து ஓட்டலாகாது என்ற விதியே உண்டு. சட்டமும் குறுக்கே வரும்: மாறாத சாய்வுடைய விசிறியைக் கழற்றி இதனைப் பொருத்துவது பெரிய மாறுதலாகக் கொள்ளப்படுவதால், அமெரிக்க விமான இலாகாவுக்குத் தெரிவித்து, பிரயாணி எவரையும் ஏற்றாமல், வரையறுத்த எல்லைக்குள் குறைந்தது 5 மணி நேரம் மீண்டும் பரிசோதனையாகப் பறந்து காட்டவேண்டும்.

குறுகிய ஓடுபாதையிலிருந்து இருவரும் சாமான்களுமாக எழும்பவேண்டியவருக்கு இவ்வளவு பிரயாசையும் தகும். மாலை வேளையில் தனியே வட்டமிட்டு மகிழ்பவர், முதலில் சம உயரத்தில் பறந்து, சக்தியை முழுதும் திறந்து, சுழற்சிமானியைப் பார்ப்பது விவேகம். முழுதும் திறக்குமுன்பே முள் 2700-ஐத் தாண்டுமானால் சாய்வு போதாது. திறந்தும் அதனை எட்டவே முடியாமல் வெகுவாய்ப் பின்தங்குமானால் சாய்வு அதிகம். இரண்டில் எதுவாயினும், சாய்வு சற்றே மாறிய இன்னொரு மர விசிறியே பெரும்பாலும் அவர் குறையைத் தீர்த்துவிடும்; எடை, எஞ்சின் இவற்றில் எதையும் தொடவேண்டியிராது.